ஆம்ப்ரோஸ் ஒட்டிய நாற்பத்தெட்டு நோட்டீஸ்

சாந்தோமில் ஆம்ப்ரோஸைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்வரிசை. வருஷம் தவறாமல் கோயில் வரி. கடன் கேட்காத கை, குடிக்காத வாய், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. பாவம் செய்யவே தெரியாதவர் என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன, எதையாவது சொல்லும். இப்படி எல்லாரும் ஒரே வாயாக நல்லவர் என்று சொல்கிற ஆளிடம்தான் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவருக்கு வேலை மாகாண வீட்டு அடமான பாங்கியில். தியாகராய நகரில் பனகல் பூங்காவைப் பார்த்த மாடிக் கட்டடம். பாங்கி முழுக்க முழுக்கச் சர்க்காருடையது. நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டின் பேரில் கடன் கொடுக்கும், மாதாமாதம் தவணை வாங்கும், தவணை நின்றால் வீட்டை ஏலம் போடும். அந்த ஏலப் பிரிவில் ஆம்ப்ரோஸ் தலைமைக் குமாஸ்தா. ஏல விதிகள் அறுபத்திரண்டும் அவருக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். சந்தேகம் வந்தால் மேலதிகாரிகளே புத்தகத்தைத் தேடமாட்டார்கள், அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அவருடைய அக்கா அல்போன்சா. ஆறு வயது மூத்தவள். கோயில் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அவள் புருஷன் துறைமுகத்தில் சம்பாதித்த காசில் சாந்தோம் கடற்கரைச் சந்து ஒன்றில் ஓட்டுவீடு கட்டினார். காசு போதாமல் போனபோது தம் பாங்கியிலேயே கடன் வாங்கிக் கொடுத்தது ஆம்ப்ரோஸ்தான். வீடு முடிந்த நாலாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில், மனுஷர் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அல்போன்சா டீச்சர் சம்பளத்தில் மாதம் பதினெட்டு ரூபாய் தவணையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தாள்.

பிறகு நாற்பத்திரண்டு ஏப்ரல் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான், வேலையில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று சர்க்கார் அறிவித்ததும் மயிலாப்பூரும் சாந்தோமும் ஒரே வாரத்தில் காலியாயின. எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் கூரையில்கூட இடமில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், அல்போன்சாவின் சம்பளமும் நின்றது. அவள் திருச்சியில் இருந்த ஒன்றுவிட்ட சித்தி வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"கிணத்து மூடியை மட்டும் வாரத்துக்கு ஒருதரம் வந்து பாரு தம்பி. பூனை விழுந்துடும்" என்றாள்.

பாங்கியின் தலைமையிடமும் சித்தூருக்கு ஓடியது. ஆம்ப்ரோஸ், ஒரு காவல்காரன், பூட்டிய இரும்புப் பெட்டி, இவ்வளவுதான் பனகல் பூங்காவில் மிச்சம். சித்தூரிலிருந்து காரியதரிசியின் உத்தரவு வந்தது. குண்டு விழுந்தால் அடமான வீடெல்லாம் செங்கல் குவியலாகிவிடும். மூன்று தவணை நின்ற வீடுகளை உடனே ஏலம் போட்டுப் பணமாக்க வேண்டும். ஊரே ஓடிப்போயிருக்கும்போது யார் தவணை கட்டுவான்? ஜூலைக்குள் நாற்பத்தெட்டு வீடுகள் பட்டியலில் ஏறின. அதில் ஒன்று அக்காவுடையது.

விதி என்ன சொல்கிறது? ஏலத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். தெருவில் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். ஒட்டியதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும். ஆம்ப்ரோஸ் பசை வாளியும் கையுமாகக் கிளம்பினார். கூடத் தமுக்குக்காரன் கன்னியப்பன். ஆளில்லாத தெருவில் தமுக்குச் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பி வந்தது. கச்சேரி ரோட்டில் ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

முதல் வீட்டுக்குச் சாட்சி தேடி இரண்டு மணி நேரம் அலைந்தார்கள். ஒருத்தரும் இல்லை. கன்னியப்பனுக்குக் கால் வலித்தது.

"இன்னா சார் நீ, சாச்சி சாச்சின்ற. தெருவுல காக்காதான் கீது, மன்சன் எங்க கீறான்?"

"ரெண்டு கைநாட்டு இல்லாம சித்தூர்ல ஒத்துக்கமாட்டாங்கப்பா."

கன்னியப்பன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். "எனக்கு ரெண்டு கட்ட வெரலு கீதே. இது முனுசாமி, இது ஏழுமலை. வெச்சிக்க."

ஆம்ப்ரோஸ் சிரித்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். அவர் சிரிக்கவில்லை. நாலு நிமிஷம் யோசித்தார். நோட்டீஸை உண்மையாகவே ஒட்டியிருக்கிறோம், சாட்சி என்பது வெறும் சம்பிரதாயம்தானே என்று தமக்குத்தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மைப்பெட்டியைத் திறந்தார். நாற்பத்தெட்டு வீடு, தொண்ணூற்றாறு கைநாட்டு, எல்லாம் கன்னியப்பனின் இடதும் வலதும். "என் முன்னிலையில் மேற்படி சாட்சிகள் கைநாட்டு வைத்தார்கள் என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்" என்று அடியில் எழுதி, அழகான கையெழுத்தில் நாற்பத்தெட்டு முறை ஒப்பமிட்டார்.

அக்கா வீட்டுக் கதவிலும் அவரே ஒட்டினார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கதவைத் திறந்து கிணற்று மூடியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பூட்டி, அதே கதவில் பசை தடவினார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்காவுக்குத் தெரியாமலும் செய்யவில்லை. அல்போன்சா பதறிப்போய், கையிலிருக்கும் நாலு வளையலை விற்றுத் தவணையைக் கட்டிவிடட்டுமா என்று திருச்சியிலிருந்து எழுதியிருந்தாள். ஆம்ப்ரோஸ் பதில் எழுதினார்: "வளையலை விற்காதே அக்கா. விதி 41-ன்படி மூன்று பேராவது போட்டி போட்டுக் கேட்டால்தான் ஏலம் செல்லும். இந்த ஊரில் இப்போது மூன்று பேர் எங்கே? ஏலம் தானாகத் தள்ளிப்போகும். நீ நிம்மதியாக இரு."

விதிப்புத்தகத்தை வேதமாகப் படித்தவர் வேறு எப்படி எழுதுவார்? படிக்காத பாமரன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், "ஐயோ, முதல்ல பணத்தைக் கட்டச் சொல்லு சாமி" என்றிருப்பான்.

அக்கா வீட்டு ஏல நாளன்று பாங்கி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கனகராஜ், அவர் கடைக் கணக்குப்பிள்ளை, அவர் கார் டிரைவர். கணக்குப்பிள்ளை ஆயிரத்து முன்னூறு என்றார். டிரைவர் ஆயிரத்து நானூறு என்றான். கனகராஜ் ஆயிரத்து நானூற்றைம்பது என்றார். மூன்று பேர் கேட்டாயிற்று, விதி நிறைவேறிற்று. ஆறாயிரம் பெறும் வீடு. சுத்தியலைத் தட்டியவர் ஆம்ப்ரோஸ். கனகராஜ் பாங்கிக் காரியதரிசியின் மைத்துனர் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது. பத்தாவது ஏலத்திலும் அதே கார் வந்தபோது தெரிந்தது. தெரிந்தபின் மிச்ச வீடுகளுக்கும் சுத்தியலைத் தட்டினார்.

கடன் பாக்கி, வட்டி, தமுக்குக் கூலி, பசைச் செலவு எல்லாம் பிடித்துக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் ரூபாய் அல்போன்சாவுக்கு மணியார்டரில் போனது. தன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிய பசைக்கும் அவளே காசு கொடுத்தாள்.

ஜப்பான்காரன் வரவில்லை. மறுவருஷம் ஊர் திரும்பியது. அல்போன்சா நேரே தன் சந்துக்குப் போனாள். கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். உள்ளிருந்து வேற்று ஆள் ஒருத்தி வந்து யாரைப் பார்க்கணும் என்றாள். அல்போன்சா திரும்பி, லஸ் பக்கத்தில் தம்பி குடியிருந்த வாடகை வீட்டுக்கு நடந்தே வந்து, பின்கட்டு அறையில் பெட்டியை வைத்தாள்.

"எல்லாம் ரூல் பிரகாரம்தான் நடந்துச்சு அக்கா" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீ இருந்தும் இப்படி ஆயிடுச்சேன்னுதான் இருக்கு" என்றாள் அவள். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் ஆம்ப்ரோஸின் மனைவி மர்சலின்தான். "அண்ணி அப்பவே வளையலை வித்திருந்தா இந்தக் கதி வருமா?" என்று அவள் அடுக்களையில் முனகும்போதெல்லாம் ஆம்ப்ரோஸ் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். வளையலை விற்காதே என்று எழுதியது யார் என்பதை அல்போன்சாவும் எடுத்துச் சொன்னதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஆம்ப்ரோஸ் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். "சில பொய்கள் சொன்னேன் சாமி" என்றார். எத்தனை என்று சாமியார் கேட்கவில்லை. பிராயச்சித்தமாக, மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். நாற்பத்தெட்டுப் பொய்ச் சத்தியத்துக்கு மூன்று மந்திரம் மலிவுதான்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. யுத்தம் முடிந்து சட்டசபை மறுபடி கூடியது. நாற்பத்தேழு மார்ச்சில், கலீமுல்லா சாயபு என்ற எதிர்க்கட்சி மெம்பர் ஒரு கேள்வி கொடுத்தார். 1942-இல் மாகாண வீட்டு அடமான பாங்கி விற்ற வீடுகள் எத்தனை? வாங்கியவர்கள் பெயர் என்ன? விலை என்ன? வாங்கியவர்களில் பாங்கி அதிகாரிகளின் உறவினர் உண்டா? சர்க்கார் அந்தப் பட்டியலைச் சபையில் வைக்குமா?

கேள்வி கோட்டையிலிருந்து பாங்கிக்கு வந்தது. காரியதரிசி அதை ஆம்ப்ரோஸிடம் கொடுத்து, விவரம் திரட்டச் சொன்னார். கேள்வி வந்தால் விவரம் திரட்டுவது வழக்கம். அதற்குமேல் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் பாய்ந்த மாதிரி இருந்தது. ஆறு வாரம். தகரப்பெட்டிகளில் செல்லரித்துக் கிடந்த ஏலக் காகிதங்களைத் தட்டித் துடைத்து எடுத்தார். பத்திர ஆபீஸுக்கு நடந்தார். வீட்டை இழந்தவர் பெயர், இப்போதைய விலாசம், வாங்கியவன் பெயர், தகப்பன் பெயர், விலாசம், அன்றைய மதிப்பு, விற்ற விலை. நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று கனகராஜ் கையிலோ அவர் ஆட்கள் கையிலோ இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை பத்துத் தாளில் அழகாக டைப் ஆகி நின்றது.

"அக்கா, இது மட்டும் சபைக்கு வந்துட்டா போதும். பேப்பர்ல போடுவான். ஏலத்தையே ரத்து பண்ணுவாங்க. வீடு திரும்பிடும்" என்று அவர் சொன்னபோது, நாலு வருஷத்தில் முதல்முறையாக அல்போன்சா பழைய வீட்டைப் பற்றிப் பேசினாள்.

"ஓடு மாத்தணும்டா. அவங்க மாத்தியிருக்கமாட்டாங்க. ரெண்டு மழைக்கே ஒழுகும்" என்றாள்.

காரியதரிசி பத்துத் தாளையும் நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. "நல்ல வேலை, ஆம்ப்ரோஸ்" என்று மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "இப்ப மந்திரி படிக்கப் பதில் வேணும். உம்ம இங்கிலீஷ் நல்லாயிருக்கும். நான் சொல்றதைச் சரியா எழுதிக் கொடும்."

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கேட்கப்பட்ட விவரங்களைத் திரட்டுவதற்கு ஆகும் உழைப்பு, அதனால் கிடைக்கும் பலனுக்கு ஈடாகாது என்று சர்க்கார் கருதுகிறது.

ஆம்ப்ரோஸின் பேனா நின்றது. "சார், விவரம்தான் திரட்டியாச்சே."

"திரட்டலைன்னு இதுல எங்க சொல்லியிருக்கு? திரட்டறது வீண்னுதானே சொல்றோம்? எழுதும்."

எழுதினார். ஒரு சொல் தள்ளி வேறு சொல் போட்டால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தோன்ற, அதையும் திருத்திக் கொடுத்தார். பழக்கதோஷம். தம் ஆறு வார உழைப்புக்குத் தம் கையாலேயே கொள்ளி வைத்துவிட்டு, அன்று மாலை பஸ் ஏறாமல் லஸ்வரை நடந்தார்.

ஆனால் பட்டியலின் கார்பன் நகல் ஒன்று அவரிடம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பாங்கிக்கு எதிராக ஒரு விதியை மீறினார். எட்டாம் நாள் கச்சேரி ரோட்டில் கலீமுல்லா சாயபு தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டி, நகலை அவரிடம் கொடுத்தார்.

சாயபு படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரொம்ப உபகாரம். ஆனா இது மட்டும் போதாதுங்களே. மச்சான் ஏலத்துல வாங்கக்கூடாதுன்னு சட்டம் கிடையாது. 'ஏலம் முறையா நடந்துச்சு, இஷ்டப்பட்டவன் வந்து வாங்கினான்'னு மந்திரி எழுந்து சொல்லிட்டு உக்காந்துடுவாரு. ஏலம் போட்ட முறையிலேயே ஓட்டை இருந்தாத்தான் எல்லாம் ரத்தாகும். நாற்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் வீடு திரும்பும். நோட்டீஸ், சாட்சி, அதெல்லாம் சரியா நடந்துச்சுங்களா? நீங்க அங்கேயே இருந்தவரு. உங்களுக்குத்தான் தெரியும்."

ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். அவரைத் தவிர உலகத்தில் இன்னொருத்தன் கன்னியப்பன், அவனும் நாற்பத்தைந்தில் காலராவில் போய்விட்டான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா தன் வீட்டு ஓடுகளை மாற்றலாம். சொன்னால் பொய்ச் சத்தியம் செய்ததற்குக் கேஸ், ஜெயில். இருபத்துநாலு வருஷச் சர்வீஸ் போகும். பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். கோயிலில் முன்வரிசை போகும். ஊர் வேறு மாதிரி பேசும். சாயபு காத்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சுங்க" என்றார் ஆம்ப்ரோஸ்.

சாயபு விடவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நவம்பர் கூட்டத்தில் மறுபடி கேள்வி போட்டார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தி என்று அல்போன்சாவின் விலாசம் பட்டியலிலிருந்தே அவருக்குத் தெரிந்திருந்தது. சபையைப் பார்க்க இரண்டு அனுமதிச் சீட்டு அனுப்பினார். ஆம்ப்ரோஸ் வேண்டாம் என்றார். அல்போன்சா நான் தனியாகவாவது போவேன் என்றாள். அவர் பாங்கிக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு டிராம் ஏறினார். அவள் திருநாளுக்கு மட்டும் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டியிருந்தாள்.

பார்வையாளர் மாடியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயபு பட்டியலை உயர்த்திக் காட்டிப் பேசினார். முப்பத்தொரு வீடு ஒரே குடும்பத்துக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டார். நாலைந்து மெம்பர்கள், ஆளும் கட்சியிலும்கூட, வெட்கம் வெட்கம் என்று கூவினார்கள். ஆம்ப்ரோஸ் பெஞ்சு நுனிக்கு வந்தார். நாம் வாயைத் திறக்காமலே காரியம் நடந்துவிடும் போலிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நம்பினார்.

மந்திரி எழுந்தார். கையில் பாங்கி அனுப்பிய குறிப்பு. எல்லாம் இங்கிலீஷில், அல்போன்சாவுக்குப் புரியாது. ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் நோட்டீஸ் முறையாக ஒட்டப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சிகளின் கைநாட்டு இருக்கிறது. அவற்றை நடத்தியவர் மாசற்ற சேவை உடைய மிஸ்டர் ஆம்ப்ரோஸ். விற்ற வீடுகளில் ஒன்று அவருடைய சொந்தத் தமக்கையின் வீடு. சொந்தத் தமக்கை என்றும் பாராமல் விதிப்படி ஏலம் போட்டவர் அவர். இப்படிப்பட்ட ஊழியர் சத்தியம் செய்து ஒப்பமிட்ட ஏலத்தைச் சந்தேகிப்பது இந்தச் சபைக்கு அழகா?

மேஜைகளைத் தட்டினார்கள். சற்றுமுன் வெட்கம் என்று கூவியவர்களும் தட்டினார்கள். சாயபு இன்னொரு கேள்வி கேட்க எழுந்தார்; சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இருவரும் கோட்டை வாசலைத் தாண்டி டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அல்போன்சா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"உன் பேரைச் சொன்னாரே தம்பி. என்ன சொன்னாரு?"

ஆம்ப்ரோஸ் டிராம் வரும் பக்கம் பார்த்தார். "நான் நேர்மையானவன்னு சொன்னாரு. நான் கையெழுத்துப் போட்டா அது சரியாத்தான் இருக்கும்னு..."

"அதுக்கா எல்லாரும் தட்டினாங்க?"

"ஆமா அக்கா."

அவள் முகம் மலர்ந்தது. கேலி இல்லை, குத்தல் இல்லை, உண்மையாகவே மலர்ந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உன் வார்த்தையை நம்புறாங்க. சர்க்காரே நம்புது. நாளைக்கே போய் நீயே சொல்லுடா, அக்கா வீட்டைத் தப்பா வித்துட்டோம்னு. மத்தவங்க சொன்னாத்தான் கேக்கமாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

டிராம் வந்தது. ஆம்ப்ரோஸ் அவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

ஒரு மாதம்வரை தினமும் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது, "போய்ச் சொன்னியா?" என்று பின்கட்டிலிருந்து குரல் வரும். நாளைக்கு அக்கா என்பார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். மறுவருஷ மழைக்காலத்தில், தம்பி வீட்டுப் பின்கட்டிலேயே, மூன்று நாள் ஜுரத்தில் இறந்துபோனாள். நாற்பத்தொன்பது செப்டம்பரில் ஆம்ப்ரோஸ் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், சட்டசபையில் மந்திரி சொன்ன வார்த்தைகளைக் காரியதரிசி வாசித்துக் காட்டினார். பென்ஷனில் ஒரு தம்படி குறையவில்லை.